புளிக்காத எலுமிச்சை மணம்: லெமன் வெர்பெனாவை வளர்த்துத் தேநீரிலும் சமையலிலும் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

காய்ச்சிய பாலில் எலுமிச்சைச் சாற்றை விட்டால் பால் திரிந்துவிடும் என்பது அடுக்களையில் நின்று பழகிய எவருக்கும் தெரியும். ஆனால் பால் பாயாசத்திலோ, தேங்காய்ப்பால் சேர்த்த மீன் மொளியிலோ எலுமிச்சையின் மணம் மட்டும் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தவர்களுக்கு, அந்த மணத்தைப் புளிப்பே இல்லாமல் தரக்கூடிய இலை ஒன்று உண்டு. அதுதான் லெமன் வெர்பெனா. எலுமிச்சையின் புளிப்பு அதன் சாற்றிலுள்ள சிட்ரிக் அமிலத்தால் வருவது. மணமோ பெரும்பாலும் தோலிலுள்ள எண்ணெயிலிருந்து வருவது. இந்தச் செடியின் இலையில் அந்த எண்ணெயிலுள்ள மணப்பொருள்களான சிட்ராலும் லிமோனீனும் இருக்கின்றன, அமிலம் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், எந்தப் பண்டத்தில் இதைச் சேர்க்கலாம், எதில் சேர்த்தால் வீண் என்பதைப் பெரும்பாலும் நீங்களே முடிவு செய்துவிடலாம்.

நான் தக்கலைக்கு அருகில், ரப்பர்த் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவிலுள்ள ஒரு வீட்டில் இதைத் தொட்டியில் வளர்த்து வருகிறேன். தென் அமெரிக்காவில் பிறந்த செடி, இரண்டு பருவமழையும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிழைப்பதற்குச் சில ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. அவற்றையும், பறித்த இலையின் மணத்தை வீணாக்காமல் கோப்பைக்கும் சட்டிக்கும் கொண்டுசேர்க்கும் முறைகளையும் இங்கே ஒன்றன்பின் ஒன்றாக எழுதுகிறேன்.

செடியை அடையாளம் காணுதல்

லெமன் வெர்பெனாவின் தாயகம் அர்ஜென்டினா, சிலி, பெரு முதலான நாடுகள். 18ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினுக்குக் கொண்டுவரப்பட்டபோது, பின்னாளில் அரசியான மரியா லூயிசாவின் பெயரால் இதன் பேரினத்துக்கு அலோய்சியா என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானியர் இன்றும் இதை லூயிசா மூலிகை என்னும் பொருளில் ஹியர்பா லூயிசா என்கிறார்கள், மொராக்கோவில் லூயிசா, பிரான்சில் வெர்வேன். இதே ஹியர்பா லூயிசா என்ற பெயரைப் பெரு நாட்டில் எலுமிச்சைப்புல்லுக்குச் சொல்கிறார்கள் என்பதால், இணையத்தில் காணும் செய்முறைகளைப் பெயரை மட்டும் பார்த்து நம்பிவிட வேண்டாம்.

தாவரவியல்படி இது நமக்கு அந்நியமான குடும்பம் அன்று. வயல் வரப்பில் படர்ந்து கிடக்கும் பொடுதலையும், தரிசுகளை அடைத்துக்கொண்டு நிற்கும் உண்ணிச்செடியும் இதே வெர்பெனா குடும்பத்தவை. பொடுதலையையும் இதையும் ஒரு காலத்தில் லிப்பியா என்ற ஒரே பேரினத்தில் சேர்த்திருந்தார்கள். உண்ணிச்செடியின் இலையை விரலால் தேய்த்தால் உணரும் அந்தச் சொரசொரப்பை லெமன் வெர்பெனா இலையிலும் உணரலாம்.

வாங்கும்போது ஏமாறுவது எளிது. நான் முதன்முதலில் ஒரு நர்சரியிலிருந்து வரவழைத்த செடி, மூன்று மாதம் வளர்ந்த பிறகுதான் வேறொன்று என்று தெரிந்தது. எலுமிச்சை வாசம் இலேசாக இருந்தது, ஆனால் இலை அகன்று, மடிப்பு மடிப்பாக, கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே நின்றது. உண்மையான லெமன் வெர்பெனாவில் ஒரு கணுவைச் சுற்றி மூன்று இலைகள், சில வேளை நான்கு, வட்டமாக அமைந்திருக்கும். இலை குறுகி நீண்டு, இரண்டு முனையும் கூர்ந்து, ஏறத்தாழ 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளமும் ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் அகலமும் கொண்டதாக இருக்கும். நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் ஏறக்குறைய செங்கோணத்தில் பிரிந்து ஓடும். பூ மிகச் சிறியது, வெண்மையோ இளம் ஊதாவோ ஆன கதிர். ஓர் இலையைக் கிள்ளி நசுக்கினால் எலுமிச்சைத் தோலைச் சீவியதுபோன்ற மணம் உடனே, தயக்கமின்றி, மூக்கில் ஏற வேண்டும். முகர்ந்து முகர்ந்து தேட வேண்டியிருந்தால் அது நீங்கள் கேட்ட செடியாக இருக்க வாய்ப்பில்லை.

உலர்ந்த இலையாக வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெர்வெயின் என்ற பெயரில் விற்கப்படும் ஐரோப்பிய மூலிகை ஒன்று உண்டு. அது இதன் தூரத்து உறவுதான் என்றாலும் கசக்கும், எலுமிச்சை மணமும் இராது.

எலுமிச்சைப்புல் இருக்கும்போது இது எதற்கு?

நம் பக்கத்து வீடுகளில் கிணற்றடியில் ஒரு தூறு எலுமிச்சைப்புல் நிற்பது வழக்கம்தான். அதன் எண்ணெயில் சிட்ரால் மட்டுமே ஏறத்தாழ முக்கால் பங்கு இருப்பதால், மணம் கூர்மையாகவும் ஒரே சுருதியிலும் வரும். நாரான தண்டு என்பதால் கொதிக்கும் நீரில் நெடுநேரம் கிடந்தாலும் தாங்கும். வெர்பெனாவில் சிட்ரால் அதைவிடக் குறைவு, லிமோனீனும் வேறு சில மணப்பொருள்களும் கலந்திருக்கின்றன. அதனால் மணம் மென்மையாகவும், பழத்தின் இனிப்பை நினைவூட்டுவதாகவும் இருக்கிறது. ஆனால் மெல்லிய இலை என்பதால் கொதியைத் தாங்காது. இஞ்சி, மிளகு, சுக்கு ஆகியவற்றோடு கொதிக்க வைக்கும் கஷாயத்துக்கு எலுமிச்சைப்புல்லே தகுந்தது. பால், தேங்காய்ப்பால், பழம், சர்க்கரைப் பாகு என்று மென்மையான பண்டங்களுக்கு வெர்பெனாதான் பொருந்தும். இரண்டையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைப் போடும் பொருள்களாக நான் கருதுவதில்லை.

தொட்டி, மண், இடம்

நிலத்தில் நேரடியாக நடுவதைவிடத் தொட்டியில் வளர்ப்பதையே நான் வலியுறுத்துவேன். இதற்கு ஒரே காரணம் மழை. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையும், அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடுகின்றன. வெர்பெனாவின் வேர் ஈரத்தில் ஊறிக் கிடந்தால் அழுகிவிடும். முற்றத்து மண்ணில் நட்ட என்னுடைய முதல் சரியான செடி ஓர் ஐப்பசி அடைமழையில் ஐந்தே நாளில் கறுத்துப் போனது. பிடுங்கிப் பார்த்தபோது வேரின் தோல் விரலோடு கழன்று வந்தது. அதன் பிறகு தொட்டியைத்தான் நம்புகிறேன். மழை வலுத்தால் இறவாரத்தின் அடிக்கு இழுத்துவிடலாம்.

தொட்டி குறைந்தது 12 அங்குல அகலமும் அதே ஆழமும் உடையதாக, அடியில் தாராளமான துளைகளோடு இருக்கட்டும். மண் கலவைக்கு, செம்மண் இரண்டு பங்கு, கழுவிய பருமணல் ஒன்றரைப் பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளலாம். நம் மாவட்டத்தின் மேற்கிலுள்ள வெட்டுக்கல் மண் பொதுவாகப் புளிப்புத்தன்மை உடையது, வெர்பெனாவோ நடுநிலையான மண்ணை விரும்புவது. ஆகவே ஒரு தொட்டிக்கு இரண்டு மேசைக்கரண்டி முட்டை ஓட்டுப் பொடியையோ விவசாயச் சுண்ணாம்பையோ கலந்து, ஒரு வாரம் நனைத்து ஆறப்போட்ட பிறகு நடுங்கள். தென்னைநார்க் கழிவு மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை நிறையச் சேர்க்க வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள், இந்தச் செடிக்கு ஆகாத குணம் அது.

நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். நிழலில் வளர்ந்த செடி பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் இலையில் எண்ணெய் குறைந்துவிடும். பங்குனி, சித்திரை மாதங்களில் மட்டும் உச்சி வெயிலிலிருந்து சற்றே மறைவு தரலாம். ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய தோவாளைப் பகுதியில் உள்ளவர்கள் காற்றுக்கு ஒரு மறைப்பைத் தேட வேண்டும், ஏனெனில் அந்தக் காற்று மெல்லிய கிளைகளை ஒடிப்பதோடு இலையையும் வறட்டிவிடும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று நேரே அடிக்காத பக்கமாகத் தொட்டியை வைத்து, வாரம் ஒரு முறை நல்ல நீரால் இலைகளைக் கழுவிவிடுவது நல்லது.

இடத்தைப் பற்றி இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: தென்னையின் அடியில் வைக்காதீர்கள். 2016இல் இந்தியாவுக்குள் நுழைந்த சுருள் வெள்ளை ஈ தென்னோலையின் அடிப்பக்கத்தில் இருந்து சாற்றை உறிஞ்சும்போது, தேன்போன்ற பிசுபிசுப்பான கழிவு கீழே சொட்டுகிறது. அது படியும் இலைகளில் கரும்பூஞ்சணம் படர்ந்து, கரி பூசியதுபோல் ஆகிவிடும். சொரசொரப்பான வெர்பெனா இலையிலிருந்து அதைக் கழுவி எடுக்கவே முடியாது, அந்த இலையைத் தேநீரில் போடவும் முடியாது.

பதியன் எடுத்தல்

விதையை நம்பிப் பயனில்லை; இச்செடி விதை பிடிப்பது அரிது. ஒரு செடி இருந்தால் தண்டிலிருந்து பல செடிகளை உண்டாக்கிக்கொள்ளலாம். மழை ஓய்ந்து வெயில் ஏறாத தை, மாசி மாதங்கள் இதற்குத் தோதானவை. பூக்காத, பச்சையும் பழுப்புமாக முற்றத் தொடங்கிய நுனிக்கிளையில் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள். கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, மேலே எஞ்சியிருப்பவற்றையும் பாதியாக நறுக்கிவிட வேண்டும். இல்லையென்றால் வேர் விடுவதற்கு முன்பே இலை வழியே நீரை இழந்து தண்டு வாடிவிடும். மணலும் தென்னைநார்க் கழிவும் சம அளவு கலந்த சிறு பையில் இரண்டு கணு புதையும்படி ஊன்றி, நீர் தெளித்து, ஒரு பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்து, நேர் வெயில் படாத வெளிச்சமான திண்ணையில் வையுங்கள். நாளுக்கு ஒருமுறை உறையைத் தூக்கிக் காற்றாட விடுவது அவசியம். மூன்று நான்கு வாரத்தில், தண்டை மெல்ல இழுத்துப் பார்த்தால் மண் பிடித்து நிற்பது கைக்குத் தெரியும். எத்தனை கவனமாகச் செய்தாலும் சில அழுகத்தான் செய்யும். இரண்டு செடி வேண்டுமென்றால் ஆறு தண்டுகளை ஊன்றுங்கள்.

நீர், கவாத்து, பூச்சி

மேல்மண் ஒரு விரற்கடை ஆழம் காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள். உரம் அதிகம் வேண்டியதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். அதற்கு மேல் ஊட்டினால் இலை பெருக்குமே தவிர மணம் பெருகாது.

நம்முடைய வெம்மையும் ஈரக்காற்றும் சேர்ந்த தட்பவெப்பத்தில் இச்செடி நெட்டையாக ஓடிவிடப் பார்க்கும். ஆகவே ஒரு சாண் உயரம் வந்ததுமே நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளிய கணுவிலிருந்து இரண்டு மூன்று கிளைகள் வெடிக்கும், அவற்றையும் அதே அளவில் கிள்ளினால் செடி புதராகும். பூங்கதிர் தலைகாட்டினால் வெட்டிவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கு உயரத்தை மட்டும் விட்டுக் கவாத்து செய்யலாம், ஆனால் இலையே இல்லாத மரத்த கட்டை வரை வெட்டினால் மீண்டும் துளிர்ப்பது உறுதியில்லை.

கோடையில் இலையின் அடியில் செம்பேன் வரும். இலை வெளிறிப் புள்ளி புள்ளியாகத் தோன்றினால் திருப்பிப் பாருங்கள்; மெல்லிய நூலாம்படை இருந்தால் அதுவே காரணம். நீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்புறத்தை மூன்று நாள் விடாமல் கழுவினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். தெளித்த பிறகு இரண்டு வாரம் இலை பறிக்காதீர்கள். வேப்பெண்ணெயின் வாசம் அவ்வளவு எளிதில் போவதில்லை.

பறித்தலும் உலர்த்தலும்

பனி காய்ந்த பிறகு, வெயில் உறைப்பதற்கு முன், காலை எட்டு ஒன்பது மணி அளவில் பறிப்பது நல்லது. இலையைத் தனித்தனியே உருவாமல், கணுவுக்கு மேலே கிளையாக வெட்டிக்கொள்ளுங்கள். பறித்தலே கவாத்தாகவும் அமைந்துவிடும். ஆண்டுக் கவாத்து நீங்கலாக, ஒரே நேரத்தில் செடியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.

உலர்த்துவதற்கு வெயில் கூடவே கூடாது, வெயிலில் இலை காயும்போது எண்ணெயும் ஆவியாகிவிடும். சுளகில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, இலைகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, காற்றோட்டமுள்ள அறையில் நிழலில் வையுங்கள். தை முதல் பங்குனி வரை நான்கைந்து நாளில் காய்ந்துவிடும். இலையை மடக்கினால் வளையாமல் சட்டென்று ஒடிய வேண்டும், அதுவே பதம். வளைந்தால் இன்னும் ஒரு நாள். அரைகுறையாகக் காய்ந்ததைப் புட்டியில் அடைத்தால் பத்து நாளில் பூஞ்சணம் பிடித்து எல்லாமே வீணாகும். முழு இலையாகவே கண்ணாடிப் புட்டியில் இட்டு, வெளிச்சம் படாத அலமாரியில் வைத்தால் ஓராண்டு வரை மணம் குறையாமல் இருக்கும். நொறுக்குவதைப் பயன்படுத்தும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடைமழைக் காலத்தில் உலர்த்த முயலவே வேண்டாம். அப்போது பறித்ததை, கீழே சொல்லும் சர்க்கரையாகவோ பாகாகவோ மாற்றிவிடுவதே அறிவுடைமை.

மூலிகைத் தேநீர்

இந்த இலைக்கு நேரக்கூடிய கேடுகளில் பெரியது கொதிக்க வைப்பது. நம் வீடுகளில் சுக்குக் காப்பியானாலும் துளசியானாலும் கொதிக்க விட்டு இறக்கிப் பழகிய கை, இதையும் அப்படியே செய்துவிடும். கொதி ஏற ஏற அறை முழுவதும் மணக்கும். குடிக்கும்போது கோப்பையில் புல் வாசம்தான் மிஞ்சும்.

ஆகவே முதலில் நீரை மட்டும் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் பொறுங்கள். 200 மில்லி நீருக்குப் பச்சை இலை எட்டு முதல் பத்து; உலர்ந்ததானால் நொறுக்கிய இலை ஒரு தேக்கரண்டி நிறைய. பச்சை இலையை உள்ளங்கையில் வைத்து, மற்ற கையால் ஒரு தட்டுத் தட்டி, இரண்டாகக் கிழித்துப் போடுங்கள். இலையின் அடிப்புறத்திலுள்ள நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் உடைவதற்கு அது போதும், கசக்கிப் பிழிய வேண்டாம். உடனே பாத்திரத்தை மூட வேண்டும். ஐந்து முதல் ஏழு நிமிடம் கழித்து மூடியைத் திறக்கும்போது அதன் அடிப்புறத்தைக் கவனியுங்கள்: சிறு சிறு நீர்த்துளிகள் கோத்து நிற்கும். ஆவியோடு மேலேறிய மணமெல்லாம் அந்தத் துளிகளில்தான் இருக்கிறது. மூடியைச் சாய்த்து அவற்றைப் பாத்திரத்துக்குள்ளேயே வடிய விட்டு, பிறகு வடிகட்டுங்கள். இளம்பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில், நாவில் புளிப்பே இல்லாமல், ஆனால் எலுமிச்சையைக் குடிப்பதுபோன்ற உணர்வோடு இருக்கும். பத்து நிமிடத்துக்கு மேல் ஊறினால் மெல்லிய கசப்பு இறங்கும்.

இனிப்பு வேண்டுமென்றால் எதைச் சேர்ப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கருப்பட்டி நம் மண்ணின் செல்வம்தான். சுக்குக்கும் மல்லிக்கும் அதைப்போல் துணை வேறில்லை. ஆனால் அதன் புகையும் கனமும் வெர்பெனாவின் மணத்தை முழுவதும் மூடிவிடுகின்றன. மார்த்தாண்டம் பகுதியில் கிடைக்கும் தேன், பெரும்பாலும் ரப்பர் மரங்களிலிருந்து தேனீக்கள் திரட்டுவது. மணம் அடங்கிய அந்தத் தேன் இதற்கு மிகவும் இசைகிறது. தேநீர் குடிக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு அரைத் தேக்கரண்டி சேர்க்கலாம். பனங்கற்கண்டும் நன்று.

கட்டன் சாயாவோடு கலக்க விரும்புவோர், தேயிலையை வழக்கத்தில் பாதியாகக் குறைத்து, சாயாவை வடிகட்டிய பிறகு நான்கு இலைகளைப் போட்டு மூடி வையுங்கள். இதில் பால் ஊற்றினாலும் திரியாது.

கோடைக்குக் குளிர்ந்த நீரில் ஊறவைக்கும் முறை சூட்டு முறையைவிட மேலானது என்பேன். ஒரு லிட்டர் குடிநீரில் 25 பச்சை இலைகளைத் தட்டிப் போட்டு, மூடி, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் வடித்துவிடுங்கள். கசப்பு சிறிதும் இறங்காது. நுங்கைச் சுளையாக எடுத்து நசுக்கி இதில் போட்டுச் சிறிது பனங்கற்கண்டுத் தூள் கலந்தால், சித்திரை மதியத்துக்கு அதைவிட இதமான பானத்தை நான் குடித்ததில்லை. அன்றே குடித்து முடித்துவிட வேண்டும்.

சமையலில்: முதலில் சர்க்கரையும் பாகும்

இலை சொரசொரப்பானது, மென்று தின்பதற்கு உரியதன்று. மணத்தை இறக்கிவிட்டு இலையை எடுத்துவிடுவதே பொதுவான விதி. அதற்கான இரண்டு அடிப்படைப் பொருள்களை வீட்டில் வைத்துக்கொண்டால் பல பண்டங்களில் பயன்படும்.

சர்க்கரைக்கு, ஈரமில்லாமல் துடைத்த 15 இலைகளின் நடு நரம்பை உருவி எடுத்துவிட்டு, ஒரு கப் சர்க்கரையோடு மிக்ஸியில் இரண்டு மூன்று முறை சுற்றி, தட்டில் பரப்பி, ஒரு நாள் நிழலில் ஆறவிட்டு, சலித்துப் புட்டியில் அடைக்கலாம். இளம்பச்சையான இந்தச் சர்க்கரையை ஆப்பத்துக்கான இனிப்புத் தேங்காய்ப்பாலில் கலந்து பாருங்கள்.

பாகுக்கு, ஒரு கப் சர்க்கரையை ஒரு கப் நீரில் கரைத்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, 20 இலைகளைப் போட்டு, மூடி, அரை மணி நேரம் கழித்து வடித்தால் போதும். குளிரில் வைத்தால் இரண்டு வாரம் இருக்கும். கைதச்சக்கை என்று நம் பாட்டிமார் சொல்லும் அன்னாசியைத் துண்டுகளாக்கி இந்தப் பாகில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் பழத்தின் புளிப்பும் இலையின் மணமும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. நம்மூர் மட்டி வாழைப்பழத்துக்கு மட்டும் இதைச் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கென்று ஒரு மணம் இருக்கிறது, அதை மறைப்பது பழத்துக்குச் செய்யும் அநியாயம்.

பாலடைப் பாயாசம்

தொடக்கத்தில் சொன்ன வேறுபாடு முழுமையாக விளங்குவது இதில்தான். ஒரு லிட்டர் பாலை அடி கனத்த உருளியில் ஊற்றி, முக்கால் லிட்டராகச் சுண்டும் வரை மெல்லிய தீயில் கிளறுங்கள். தனியே வேகவைத்துக் குளிர்ந்த நீரில் அலசிய 75 கிராம் அரிசி அடையையும் 150 கிராம் சர்க்கரையையும் சேர்த்து, பால் இளஞ்சிவப்பாகும் வரை காய்ச்சி இறக்குங்கள். இறக்கியவுடன் இலையைப் போடாதீர்கள். ஐந்து நிமிடம் பொறுத்து, 12 இலைகளை ஒரு மெல்லிய துணியில் முடிந்து உள்ளே அமிழ்த்தி, மூடி, பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். ஏலக்காய் சேர்க்கவே கூடாது. பழக்கத்தால் கை ஏலக்காய் டப்பாவை நோக்கிப் போகும். போட்டால் இரண்டு மணமும் ஒன்றோடொன்று மோதிக் குழம்பிவிடும். நெய்யில் வறுத்த முந்திரியும் இதற்கு வேண்டியதில்லை. வெல்லம் சேர்த்த அடைப் பிரதமனிலும் சிறுபயிற்றுப் பாயாசத்திலும் இந்த இலையைப் போட்டுப் பார்த்தேன், வெல்லத்தின் கனத்தில் மணம் அமுங்கிப் போனது.

மீனுக்கு

மிளகாயும் புளியும் அரைத்த தேங்காயும் சேர்ந்த நம் சிவந்த மீன்குழம்பில் இந்த இலைக்கு இடமில்லை. மொளியில் உண்டு. அரை கிலோ நெய்மீன் (வஞ்சிரம்) துண்டுகளில் உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் மிளகுத்தூளும் புரட்டி வையுங்கள். தேங்காயெண்ணெயில் நீளமாக அரிந்த சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), இஞ்சி, கீறிய பச்சை மிளகாய் ஆகியவற்றை நிறம் மாறாமல் வதக்கி, இரண்டாம் பால் ஊற்றி, மீனைப் போட்டு வேக விடுங்கள். கறிவேப்பிலையை வழக்கத்தில் பாதியாகக் குறையுங்கள். மீன் வெந்ததும் கெட்டியான முதற்பாலை ஊற்றி, ஒரு சூடு ஏறியவுடன், கொதிக்கும் முன்பே அணைத்து, ஆறு இலைகளை முழுதாக மேலே பரப்பி மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இலைகளை எடுத்துவிட்டுப் பரிமாறலாம். புளிப்பை விரும்புவோர் தம் தட்டில் எலுமிச்சையைப் பிழிந்துகொள்ளட்டும்; சட்டியில் பிழிந்தால் தேங்காய்ப்பால் பிரிந்துவிடும்.

வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேகவைக்கும் மீனுக்கும் அடியில் மூன்று, மேலே மூன்று என்று இலைகளை வைக்கலாம். பொதியைச் சாப்பாட்டுத் தட்டிலேயே பிரியுங்கள். அடுக்களையில் பிரித்துக் கொண்டுவந்தால் மணம் பாதி வழியிலேயே போய்விடும்.

உடல்நலம் பற்றி

செரிமானத்துக்கும் மனம் அமைதி அடைவதற்கும் உறக்கத்துக்கும் இந்த இலைத் தேநீரைக் குடிப்பது ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் நெடுநாளைய வழக்கம். ஐரோப்பிய மருந்துகள் முகமையும் இலேசான மன அழுத்தம், உறக்கக் குறைவு, வயிற்று உப்புசம் ஆகியவற்றுக்கு இதை மரபுப் பயன்பாடு என்ற அடிப்படையில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதாவது நெடுங்கால வழக்கமே அதற்குச் சான்று, உறுதியான மருத்துவ ஆய்வு அன்று. தேயிலை சேராததால் இதில் காஃபீன் இல்லை. இரவு உணவுக்குப் பின் அச்சமின்றிக் குடிக்கலாம். எடை குறையும், சர்க்கரை நோய் தீரும் என்று வரும் செய்திகளை நம்பி எந்த மருந்தையும் நிறுத்திவிடாதீர்கள்.

நாளுக்கு இரண்டு கோப்பை போதும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுநீரக நோய் உள்ளவர்கள், தூக்க மருந்து உட்கொள்வோர் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் நாள்தோறும் குடிக்க வேண்டாம். கடைகளில் விற்கும் வெர்பெனா எண்ணெய் வேறு வகைப் பொருள். அதைக் குடிக்கவோ உணவில் விடவோ கூடாது, தோலில் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகவும் கூடும்.

மழைக்கு முன் செய்ய வேண்டியது

புரட்டாசி முடிவில், வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன், செடியை மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்து வெட்டி, அந்த இலைகளைப் பாகாக்கிக்கொள்ளுங்கள். தொட்டியின் அடியில் இரண்டு செங்கற்களை வைத்து உயர்த்தி, இறவாரத்தின் உட்புறம் தள்ளி வையுங்கள். கார்த்திகையில் இலைகள் பழுத்து உதிர்ந்து, கிளைகள் மொட்டையாக நிற்கக் கண்டால் செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள். கிளையின் பட்டையை நகத்தால் சற்றே சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் நீரைக் குறைத்து, தை மாதம் வரை பொறுத்திருங்கள்.